மாறிய வயிறும் மாறாத மாத்திரையும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தரப்படும் மருந்துச் சீட்டில் ஒரு வரி அநேகமாக எல்லோருக்கும் பொது. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ஈசோமிப்ரசோல் என்று மருத்துவமனைக்கு மருத்துவமனை பெயர் மாறலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்ற குறிப்பு மாறாது. நம் ஊரில் இந்த மருந்தை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் மருந்துக் கடையில் பெரும்பாலும் எடுத்துத் தருவது இதைத்தான். அவ்வளவு பழகிய மருந்து என்பதாலேயே சீட்டில் உள்ள மற்றவற்றுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ‘வயிறு எரியவே இல்லையே, இது எதற்கு’ என்று பத்தே நாளில் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை என்பதால் பத்து வருடம் விழுங்கிக்கொண்டே இருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் அந்த ஒரு வரியின் காரணம் விளக்கப்படவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

காரணம் கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள், அல்லது உணவு போகாதபடி ஒதுக்கிவிட்டார்கள். அமிலம் சுரக்கும் பரப்பே சுருங்கிவிட்டது. அப்புறம் அமிலத்தைக் குறைக்க ஒரு மருந்து எதற்கு?

இதற்கான விடையின் முதல் பாதி 1923இல் வந்தது. அப்போது எடைக் குறைப்பு அறுவை என்ற எண்ணமே எவருக்கும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரோச்செஸ்டர் நகரின் மேயோ மருத்துவ நிறுவனத்தில் ஃபிராங்க் மான், கார்ல் வில்லியம்சன் என்ற இருவர் நாய்களில் ஒரு சோதனை செய்தார்கள். இரைப்பையிலிருந்து உணவு முதலில் இறங்கும் இடம் முன்சிறுகுடல். பித்தநீரும் கணையநீரும் வந்து கலப்பதும் அங்கேதான். அந்த நீர்கள் காரத்தன்மை கொண்டவை. இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை வந்த வேகத்தில் தணித்துவிடும். மானும் வில்லியம்சனும் முன்சிறுகுடலைத் துண்டித்து, அதில் வடியும் கார நீர் முழுவதும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் போய்ச் சேரும்படி திருப்பினார்கள். இரைப்பையின் வாயை அடுத்த பகுதியான இடைச்சிறுகுடலோடு நேராக இணைத்தார்கள். இரைப்பையை அவர்கள் குறைக்கவில்லை, சுரப்பைக் கூட்டவும் இல்லை. ஆனாலும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புண் வந்தது; அதுவும் இணைப்பைத் தாண்டிய உடனே, குடலின் பக்கத்தில்.

புண் வருமா வராதா என்பதைச் சுரக்கும் அமிலத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது அந்தச் சோதனையில் தெரிந்தது. அமிலம் எந்தத் திசுவின் மேல் போய் விழுகிறது, அங்கே அதைத் தணிக்க ஏதாவது இருக்கிறதா என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. முன்சிறுகுடல் அமிலத்தோடு காலமெல்லாம் வாழ்ந்து பழகியது. பைகார்பனேட் கலந்த சளியைச் சுரக்கும் சுரப்பிகள் அதன் சுவரிலேயே இருக்கின்றன. இடைச்சிறுகுடலுக்கு அந்தக் காப்பு இல்லை. அதுவரை அது நேரடி அமிலத்தைப் பார்த்ததும் இல்லை.

இனி விடையின் மறுபாதிக்கு, இரைப்பையின் பெரும்பகுதியை உணவு போகாதபடி ஒதுக்கும் பைபாஸ் அறுவைக்கு வருவோம். 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிக்காஷி இட்டோ என்ற இருவர் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார்கள். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் மறுபடி எடை கூடாமல் மெலிந்தே இருந்ததைக் கண்டதில்தான் அந்த யோசனை பிறந்தது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை அல்சர் அறுவையின் வயிற்றில் பிறந்த குழந்தை. தாயின் நோயும் அதற்கு வந்தது. உணவுக்காக மேலே விட்டுவைத்த இரைப்பைப் பைகள் தொடக்க காலத்தில் பெரியவை. அமிலம் சுரக்கும் செல்கள் அவற்றில் நிறைய இருந்தன; இணைப்பில் புண்ணும் வந்தது. 1970களில் பையைச் சிறிதாக்கினார்கள். உண்ணும் அளவைக் கட்டுப்படுத்துவதோடு, அந்தச் செல்களில் முடிந்தவரை அதிகமானவற்றை வழியிலிருந்து விலக்கவும் அது உதவியது.

இன்று பரவலாகச் செய்யப்படும் ‘ரூ-என்-ஒய்’ பைபாஸில் உணவுக்குழாய் முடியும் இடத்தில் சுமார் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் ஒரு பை மட்டும் விடப்படுகிறது. இடைச்சிறுகுடலைத் துண்டித்து மேலே கொண்டுவந்து அதோடு தைக்கிறார்கள். பித்தநீரும் கணையநீரும் அந்த இணைப்புக்கு வருவதே இல்லை. பெரும்பாலும் ஒரு மீட்டர் கீழேதான் உணவோடு கலக்கின்றன. 1923இன் நாய்களை இங்கே நினைத்துப் பாருங்கள். வழியமைப்பு ஏறக்குறைய அதே. இங்கே மனிதரைக் காப்பாற்றுவது பையின் சிறிய அளவு ஒன்றுதான். அந்தச் சிறிய பையிலும் அமிலச் செல்கள் அடியோடு இல்லாமல் போவதில்லை. புதிதாகத் தைத்த, ரத்த ஓட்டம் இன்னும் முழுதாகச் சீராகாத ஒரு விளிம்பில் கொஞ்சம் அமிலம் விழுந்தாலும் போதும். இணைப்புப் புண் என்று சொல்வது இதைத்தான். எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பெரிய வித்தியாசம் இருக்கிறது: நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்பதிலிருந்து பதினாறு பேர் வரை. சிலருக்கு மேல்வயிற்றில் வலி, குமட்டல். சிலருக்கு எதுவுமே தெரியாது; மலம் கறுத்துப் போகும்போதோ, புண் குடலைத் துளைத்துவிடும்போதோதான் தெரியவரும். ‘எரியவில்லையே’ என்பதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஏன் சரியில்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

அந்த மாத்திரை வேலை செய்யும் விதம் அழகானது. இரைப்பைச் சுவரில் உள்ள பாரைட்டல் செல்களுக்குள் ‘புரோட்டான் பம்ப்’ என்ற புரதம் இருக்கிறது. ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து, பதிலுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவது அதன் வேலை. ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தியாக ஹைட்ரஜன் அயனிகளை அது வெளியில் குவிக்கிறது. சுவீடனில் கோத்தன்பர்க் நகரை ஒட்டிய மோல்ன்டாலில், ஆஸ்ட்ரா குழுமத்தின் ஆய்வுக்கூடம் 1979இல் உருவாக்கிய ஒமிப்ரசோல் இந்தப் பம்பையே பூட்டியது. 1988இல் அது விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் உருவான பான்டோபிரசோல் 1994இல் சந்தைக்கு வந்தது.

விழுங்கிய மருந்து இரைப்பைக்குள் இருந்துகொண்டு அமிலத்தைத் தணிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ஜெலுசில், டைஜீன் வகை மருந்துகளின் வேலை. புரோட்டான் பம்பை அடைக்கும் மருந்துக்கு இரைப்பையில் எந்த வேலையும் இல்லை. அங்கே அமிலத்தில் மாட்டினால் அது சிதைந்தே போய்விடும். அதனால் அமிலத்தில் கரையாத ஒரு பூச்சு பூசி அனுப்புகிறார்கள். அமிலம் குறைந்த சிறுகுடலில் பூச்சு கரையும், மருந்து ரத்தத்தில் ஏறும், உடலைச் சுற்றி வந்து பாரைட்டல் செல்லைப் பின்பக்கமாக அடையும். அங்கே பம்ப் அமிலத்தைக் கொட்டும் நுண்குழாய்க்குள் நுழைந்த பிறகுதான் அதன் உருவம் மாறி பம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பம்ப் மீள்வதற்கு வழி கிட்டத்தட்ட இல்லை. செல் புதிய பம்பைச் செய்தாக வேண்டும். மருந்து ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் மறைந்துவிட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதுமாக இருப்பது இதனால்தான். இயங்கிக்கொண்டிருக்கும் பம்பில்தான் அது ஒட்டும். பம்ப்களைத் தட்டி எழுப்புவது சாப்பாடு. காலை உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வதன் பொருள் இதுதான். சாப்பிட்டுவிட்டு நினைவு வந்து போட்டுக்கொண்டால் பாதிப் பலன் போய்விடும்.

இந்தக் கணக்கெல்லாம் மனிதர் பிறக்கும்போது கொண்டுவந்த வயிற்றுக்குப் போட்ட கணக்கு. கேப்சூலின் உறை ஊறிக் கரைய இரைப்பையில் கிடைக்கும் அவகாசம், அதன் கடைசல், பிறகு முன்சிறுகுடல், அங்கிருந்து நிதானமான பயணம் என்று எல்லாம் வரிசையாக நடக்கும் என்ற நம்பிக்கையில் பூச்சின் தடிமன்வரை தீர்மானித்திருக்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்கோ இரண்டு கரண்டிப் பை. அதில் கடைசல் இல்லை, அவகாசமும் இல்லை. முன்சிறுகுடல் வழியிலேயே வராது. உறை திறப்பதற்குள்ளேயே மருந்து குடலில் வெகுதூரம் போய்விடலாம்.

பாஸ்டனின் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனைக் குழு ஒன்று இந்த இடத்தைத்தான் கூர்ந்து பார்த்தது. பைபாஸுக்குப் பிறகு இணைப்புப் புண் வந்தவர்களின் பதிவேடுகளை எடுத்து, கேப்சூலை அப்படியே விழுங்கியவர்களையும் திறந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, திறந்து எடுத்தவர்களுக்குப் புண் ஆற ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு 91 நாள். முழுதாக விழுங்கியவர்களுக்கு 342 நாள். இது பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய சோதனை அல்ல. அந்த வரம்பை மறக்கக் கூடாது. ஆனாலும் கேப்சூலைத் திறந்தால் செலவு ஏதும் இல்லை. மூன்று மாதத்தில் ஆறும் புண்ணோடு இருப்பதற்கும் ஏறக்குறைய ஒரு வருடம் இழுக்கும் புண்ணோடு இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேப்சூலின் இரு முனைகளையும் பிடித்து மெல்லத் திருகி இழுத்தால் உறை இரண்டாகப் பிரியும். உள்ளே இருப்பது தூள் அல்ல. கசகசா போன்ற வெண்மணிகள். அமிலத்தில் கரையாத பூச்சு ஒவ்வொரு மணியின் மேலும் தனித்தனியாக இருக்கிறது. உறையை நீக்கினாலும் மருந்தின் காப்பு போவதில்லை, உறை கரைய ஆகும் நேரம் மட்டும் மிச்சம். ஒரு கரண்டி ஆப்பிள் கூழிலோ கொஞ்சம் தண்ணீரிலோ மணிகளைக் கொட்டி உடனே விழுங்கிவிட வேண்டும். கடிக்கக் கூடாது, நசுக்கினால் பூச்சு உடைந்துவிடும். பாலில் கலக்கவும் கூடாது, பாலின் அமிலத்தன்மை மிகக் குறைவு என்பதால் பூச்சு அதிலேயே இளகத் தொடங்கும்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்கே அதிகமாக எழுதித் தரப்படும் பான்டோபிரசோல் 40 பெரும்பாலும் மாத்திரை, கேப்சூல் அல்ல. பூச்சு மாத்திரையின் வெளிப்புறத்தில் மட்டும்தான் இருக்கிறது. ‘பொடி செய்து சாப்பிட்டால் சீக்கிரம் வேலை செய்யும்’ என்று யாராவது சொல்லக் கேட்டு அதை இடித்தால், பூச்சு போய் மருந்து வீணாகும். அறுவைக்குப் பிறகு முதல் சில வாரங்கள் மாத்திரைகளைப் பொடித்து எடுக்கச் சொல்லும் வழக்கம் இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடும். திறக்கக்கூடிய கேப்சூல் வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேட்டு, ஒமிப்ரசோல் அல்லது ஈசோமிப்ரசோல் கேப்சூலாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

எத்தனை நாள் எடுப்பது? பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு மாதம் என்று வைப்பவர்களும் உண்டு, ஆறு மாதம் என்று வைப்பவர்களும் உண்டு. முப்பது நாள் கொடுத்தவர்களையும் தொண்ணூறு நாள் கொடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், தொண்ணூறு நாள் எடுத்தவர்களுக்குப் புண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தையல் ஆறி, அந்த விளிம்பு திடப்பட எடுக்கும் காலத்தோடு இது பொருந்துகிறது. புகைப்பவர்களுக்கும், வேறு வழியில்லாமல் ஆஸ்பிரின் எடுத்தாக வேண்டிய இதய நோயாளிகளுக்கும் இன்னும் நீளும்.

புகையும் வலிமாத்திரையும் இணைப்புப் புண்ணின் இரண்டு பெரிய கூட்டாளிகள். புகை திசுவுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. வலிமாத்திரையின் கதை நம் வீடுகளில் நடப்பது. அதிக எடையைப் பல வருடம் சுமந்த மூட்டு, எடை குறைந்ததும் மறுநாளே சரியாகிவிடாது. முழங்கால் வலி தொடரும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபன் கிடைக்கும். இவை குடலின் சளிப் படலத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. அந்தத் தடை ரத்தத்தின் வழியாக வருவதால் ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் ஆபத்து நீங்காது. வலிமருந்தையும் அமில மருந்தையும் ஒரே கேப்சூலில் சேர்த்து விற்பதைப் பார்த்து ‘இதில் காப்பும் சேர்ந்தே இருக்கிறது’ என்று நம்புபவர்கள் பலர். சாதாரண வயிற்றுக்கே அது அரைக் காப்பு. பைபாஸ் செய்தவர் அதை நம்பவே கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, ‘எனக்கு இரைப்பை பைபாஸ் ஆகியிருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுவது நல்லது.

மருந்தை ஒழுங்காக எடுத்தும், புகையும் வலிமாத்திரையும் இல்லாமலும் புண் ஆறாவிட்டால் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. வயிற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கலாம். இணைப்பில் கரையாத தையல் நூல் துருத்திக்கொண்டிருக்கலாம். ஒதுக்கிவிடப்பட்ட பெரிய இரைப்பை உள்ளேதான் இருக்கிறது, அது இன்னும் அமிலம் சுரந்துகொண்டும் இருக்கிறது. அதற்கும் சிறிய பைக்கும் இடையே ஒரு துளை விழுந்துவிட்டால் அந்த அமிலமெல்லாம் இணைப்பில் வந்து கொட்டும். அப்போது துளையை அடைத்தால்தான் தீரும்.

ஸ்லீவ் அறுவையில் கதை வேறு. உலகில் இன்று அதிகம் செய்யப்படுவது இதுதான். இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது ஒரு குறுகிய குழாய். வெட்டிப்போன பகுதியோடு பாரைட்டல் செல்களில் பெரும்பாலானவையும் போய்விடுகின்றன. குடலை எங்கும் வெட்டி ஒட்டவில்லை. அமிலம் முன்போலவே முன்சிறுகுடலுக்குத்தான் இறங்குகிறது. ஆகவே இணைப்புப் புண் என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே தொல்லை எதுக்களிப்பு. சாப்பிடும்போது விரிந்துகொடுக்கும் மேற்பகுதி போய்விட்டதால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இயற்கையாக இருந்த கூர்கோணமும் கலைந்துவிடுகிறது. அமிலம் கொஞ்சம்தான், ஆனால் அது மேலே ஏறுகிறது.

ஃபின்லாந்தில் நடந்த ஸ்லீவ்பாஸ் என்ற ஆய்வு, ஸ்லீவ் செய்தவர்களையும் பைபாஸ் செய்தவர்களையும் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2022இல் வந்த முடிவில், ஸ்லீவ் தரப்பில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாயில் அழற்சி இருந்தது. பைபாஸ் தரப்பில் 7 சதவீதம். அமில மருந்து எடுப்பவர்களும் ஸ்லீவ் தரப்பிலேயே அதிகம். மாத்திரை போட்டால் எரிச்சல் அடங்குகிறது. ஏறி வருவது நிற்பதில்லை. அதன் அமிலத்தன்மைதான் குறைகிறது. ஏறி வருவதில் பித்தநீர் இருந்தால் அதற்கு இந்த மாத்திரையால் ஒன்றும் ஆகாது. இதனால்தான் எடைக் குறைப்பு அறுவை நிபுணர்களின் உலகக் கூட்டமைப்பு, தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்து ஒரு எண்டோஸ்கோப்பியும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் செய்யச் சொல்கிறது. மாத்திரையால் அமைதியாகிவிட்ட நெஞ்சைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுவது தவறாகப் போகலாம்.

நீண்ட காலம் எடுப்பதன் விலை என்ன? இதைப் பற்றிய பயம் பல நேரம் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. இதய நோய் மருந்து ஆய்வு ஒன்றின் பகுதியாக 17,598 பேருக்குக் குலுக்கல் முறையில் பான்டோபிரசோலோ வெற்று மாத்திரையோ கொடுத்து, சராசரியாக மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2019இல் முடிவு வந்தபோது, பேசப்பட்ட தீமைகளில் குடல் தொற்றுகள் மட்டுமே சற்றுக் கூடுதலாக இருந்தன. இது நிம்மதி தரும் செய்தி. ஆனால் அவர்கள் எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. இங்கே கணக்கு வேறாகிறது.

உணவில் புரதத்தோடு பிணைந்திருக்கும் பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். அதைக் குடல் உறிஞ்சத் தேவையான காரணிப் புரதத்தைச் சுரப்பதும் பாரைட்டல் செல்லே. தாவர உணவில் உள்ள இரும்பு கரைந்து உறிஞ்சப்படும் வடிவத்துக்கு வரவும் அமிலம் உதவுகிறது. இரும்பு அதிகம் உறிஞ்சப்படும் இடமோ பைபாஸில் ஒதுக்கப்பட்ட முன்சிறுகுடல். அறுவை ஏற்கெனவே குறைத்துவிட்டதை மாத்திரை இன்னும் குறைக்கிறது. இறைச்சி, மீன் சாப்பிடாத, மாதவிடாய் நிற்காத ஒரு பெண்ணுக்கு இது மூன்று பக்க நெருக்கடி. சோர்வையும் முடி உதிர்வையும் ‘எடை குறைந்தால் இப்படித்தான்’ என்று அவர் தள்ளிவிடுவார். ரத்தப் பரிசோதனை வேறு சொல்லும். கால்சியத்திலும் இதே கதைதான். மருந்துக் கடைகளில் கிடைக்கும் கால்சியம் மாத்திரைகள் பல கார்பனேட் வகை. கரைய அமிலம் வேண்டும். சிட்ரேட் வகைக்கு அந்தத் தேவை இல்லை என்பதால் அறுவைக்குப் பிறகு அதையே பரிந்துரைக்கிறார்கள். உறையைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

நிறுத்தும்போதும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். டென்மார்க்கில் 2009இல் வெளியான ஒரு சோதனையில், எந்த வயிற்றுக் கோளாறும் இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் ஈசோமிப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதத்தினருக்கு, நிறுத்திய பிறகு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. மற்றவர்களில் 15 சதவீதம். அமிலம் இல்லாததைக் கண்ட உடல் அதைக் கூட்டச் சொல்லும் காஸ்ட்ரின் ஹார்மோனை ஏற்றி வைத்திருக்கிறது; பூட்டு திறந்ததும் சுரப்பு கொஞ்ச நாள் மிகுந்து வருகிறது. அவர்களுக்கு அறுவை எதுவும் ஆகவில்லை என்றாலும், நிறுத்திய வாரத்தில் எரிச்சல் வந்தவுடன் ‘எனக்கு இது ஆயுளுக்கும் தேவை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சாட்சி. படிப்படியாகக் குறைத்து, சில வாரம் பொறுத்துப் பார்ப்பதே பல மருத்துவர்களின் வழி.

ஸ்லீவ் செய்துகொண்டு, மாத்திரைக்கும் அடங்காத எதுக்களிப்போடு வருடக்கணக்கில் போராடுபவர்களில் சிலருக்கு அதையே ரூ-என்-ஒய் பைபாஸாக மாற்றிவிடுகிறார்கள். சிறிய பையில் அழுத்தம் குறைவு. பித்தநீரும் வெகு கீழே போய்விடும். எதுக்களிப்பு பெரும்பாலும் நிற்கும். அந்த அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் சீட்டில் அதே மாத்திரை இருக்கும். இத்தனை வருடமாக உணவுக்குழாய்க்காக விழுங்கியதை இனி இணைப்புக்காக விழுங்க வேண்டும். தொண்ணூறு நாள் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.